பயிற்சிச் சதை

ஷிமோகுரா
டிசம்பர் 8

அக்காவுக்கு,

இங்கே மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது. வடக்கே உங்கள் ஊரில் இன்னும் அதிகமாக இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள். இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். தொடங்கிவிட்டேன். இனி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நான் வேலைக்குப் போகிறேன். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் கொகுரே அம்மாவின் பட்டறை. முன்பு கிழங்கு மாவைக் கிண்டி வழுவழுவென்று கொன்யாக்குக் கட்டிகள் செய்து கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்களே, அதே இடம். இப்போதும் அதே கிழங்கு மாவுதான், அதே சுண்ணாம்பு நீர்தான், அதே கொப்பரைதான். ஆனால் சாப்பிடுவதற்கு இல்லை. டாக்டர்கள் தைத்துப் பழகுவதற்காகச் சதை செய்கிறோம். இளஞ்சிவப்புச் சாயம் கலந்து, குடல் தடிமனில் தட்டுகளில் ஊற்றி, வேகவைத்து, நறுக்கிப் பெட்டியில் அடுக்குகிறோம். நான் கழுவுவதும் அடுக்குவதும்.

ஒவ்வொரு கொப்பரையிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து, கொகுரே அம்மா கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்ப்பார். கிழிய வேண்டிய அளவில் கிழிய வேண்டும். போன வாரம் ஒரு கொப்பரை கெட்டியாகிவிட்டது. அப்படியே கொட்டிவிட்டார். "கிழியாத சதை யாருக்கு வேணும்? செருப்பா தைக்கப் போறாங்க?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் குனிந்துகொண்டு.

உனக்கு ஏதோ தேர்வு சரியாக நடக்கவில்லை என்று அம்மா சொன்னாள். போனில் நீ அழுததாகவும் சொன்னாள். அவள் என்னிடம் சொன்னதை நான் உன்னிடம் சொல்லிவிட்டேன், அவளிடம் சொல்லாதே.

ஆகஸ்டில் நீ வந்தபோது பள்ளியைப் பற்றிக் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டேன். கோபம் இல்லை. பேசும்போது எனக்குப் பதில் வருவதற்கு நேரமாகும். அதற்குள் எல்லோரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

நஸுனா


கிதானோ
டிசம்பர் 19

நஸுனாவுக்கு,

பனி, உடம்பு, பருவம் எல்லாம் இருக்கட்டும். அந்த வரிகளை அடுத்த முறை வெட்டிவிடு. இங்கே எனக்குப் பெட்டி மதிய உணவைத் திறந்து மூடவே நேரமில்லை.

கொகுரே பட்டறையா! இங்கே பயிற்சி அறை அலமாரியில் அந்தப் பெயர் போட்ட பெட்டிகள்தான் அடுக்கியிருக்கின்றன. என்னைத் தோற்கடித்தது உங்கள் சரக்குதான், தெரிந்துகொள்.

தேர்வு என்றால் எழுதும் தேர்வு இல்லை. கையைச் சோதிக்கும் தேர்வு. உங்கள் சதைத் துண்டில் நீளமாக ஒரு கீறல் போட்டுத் தருவார்கள். அதைக் குறித்த நேரத்துக்குள் தைத்து மூட வேண்டும். கையுறையின் முதுகில் ஒரு பொத்தான் ஒட்டியிருக்கும், கை எத்தனை வீண் அசைவு அசைகிறது என்று அது எண்ணும். சதைக்கு அடியில் ஒரு தகடு, நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்று அது கோடு போட்டுக் காட்டும். மேலே கேமரா. அது கைகளை மட்டும் பிடிக்கும். அந்தப் படம் வெளியூரில் இருக்கும் இரண்டு டாக்டர்களுக்குப் போகும். யாருடைய கை என்று அவர்களுக்குத் தெரியாது. முன்பெல்லாம் பெரிய டாக்டருக்கு யாரைப் பிடிக்கிறதோ அவர்கள் கையில்தான் ஊசி வரும் என்பார்கள். இப்போது முகம் இல்லை, பெயர் இல்லை, கை மட்டும்தான். நல்ல முறைதான். அதில்தான் நான் தோற்றேன். பயத்தில் நூலை இழுத்து இறுக்கி இரண்டு இடத்தில் கிழித்துவிட்டேன்.

என்னோடு பயிற்சியில் இருக்கும் ஹச்சியா படத்தைப் பார்த்துவிட்டு, நம் குடும்பப் பெயரை இழுத்து, "ஒரிஹாரா, இது தையல் இல்லம்மா, தூண்டில். மீன் ஏதாவது மாட்டுச்சா?" என்றான். அவன் கை நன்றாக ஓடும். அதனால் அவன் எதுவும் சொல்லலாம்.

எங்கள் தலைவர் பேராசிரியர் முனகாட்டா கூப்பிட்டுப் பேசினார். "மயக்க மருந்துப் பிரிவும் நல்ல பிரிவுதாம்மா. யோசிச்சுப் பாரு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. ஜனவரிக் கடைசியில் எங்கள் ஆறு பேருக்கும் இன்னொரு சுற்று இருக்கிறது. அதிலும் போனால் அறுவைப் பிரிவுப் பட்டியலில் என் பெயர் இருக்காது.

பதினேழு வயதில் பள்ளியை விட்டது கொன்யாக்கு கழுவுவதற்கா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்கவில்லை என்று வைத்துக்கொள்.

சிகுஸா


ஷிமோகுரா
ஜனவரி 5

அக்காவுக்கு,

வருடப் பிறப்புக்கும் நீ வரவில்லை. அம்மா உன் கிண்ணத்தையும் எடுத்து வைத்தாள். அப்பா உன் பங்கு அரிசி உருண்டையையும் சாப்பிட்டுவிட்டார்.

நீ கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்ன கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னால் குரல் வராது. வரி தெரியும், வாய் திறக்கும், சத்தம் வராது. ஆசிரியர் காத்திருப்பார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் இல்லை, தினமும். பட்டறையில் தண்ணீர்ச் சத்தம் இருக்கிறது. யாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. அதில் இருப்பது கழித்த சதை. மாவு குறைந்து மெலிந்து போன ஒரு கொப்பரை. முறைத்துப் பார்த்தாலே கிழியும் போலிருக்கிறது. கேட்டுத்தான் எடுத்தேன். நான் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு கொகுரே அம்மா, "என்ன பொண்ணே, குப்பைக்குக் காவலா?" என்றார். அக்காவுக்கு என்றேன். "டாக்டரம்மாவுக்கா? நல்ல சரக்கா எடுத்துக்கோயேன்." இல்லை, இதுதான் வேண்டும் என்றேன். அவர் கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து இழுத்துப் பார்த்தார். "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டு ஒரு பை கொடுத்தார்.

இதில் கிழியாமல் தைக்க முடிந்தால் நல்லதில் கிழியாது என்று நினைத்தேன். எனக்குத் தையல் தெரியாது. தப்பாகவும் இருக்கலாம்.

நஸுனா


கிதானோ
ஜனவரி 27

நஸுனா,

தேறிவிட்டேன்!

நேற்றுத் தேர்வு, இன்று மதியம் முடிவு. ஒரு கிழிசல் இல்லை. ஒன்றுகூட இல்லை! கேள்: ஆறு பேரும் தேறிவிட்டோம். இதுவரை இந்த மருத்துவமனையில் அப்படி நடந்ததே இல்லையாம். முனகாட்டா சாரே பயிற்சி அறைக்கு வந்து, "இந்தத் தடவை எல்லாருக்கும் கை வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதற்கு மேல் பேசினால் பல் கொட்டிவிடும்.

நீ அனுப்பிய குப்பையில் இருபது நாளாகத் தைத்தேன். உண்மையாகவே முறைத்தால் கிழிகிற சாதிதான். முதல் வாரம் அழுகை வந்தது. பிறகு விரல் நுனியிலேயே நூலின் இழுப்பு தெரிய ஆரம்பித்தது. அதன் பிறகு தேர்வுச் சதையில் ஊசி போட்டபோது சுவரில் ஆணி அடிப்பது போல இருந்தது. இந்த முறை சரக்கை மாற்றியிருக்கிறீர்களா? ஊசி போகும்போது கொஞ்சம் கறுக் என்று சத்தம், துளையிலிருந்து தண்ணீர் கசிந்தது, மேலே சொரசொரப்பாகவும் இருந்தது. புது வகையாக இருக்கும் என்று சார் சொன்னார். நூலை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கொகுரே அம்மாவுக்கு என் கும்பிடு.

பெட்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதும் நான்தான். தேர்வுக்கு முந்தின நாள் எடுத்து வைக்கும் முறை என்னுடையது. குளிர்பெட்டி முழுக்க யாரோ நோயாளி வீட்டார் கொண்டுவந்த நண்டு. 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று பெட்டிமேல் போட்டிருந்தது. நாங்கள் பீர் வைக்கிற பால்கனியில், பனிக்கு நடுவில் வைத்துவிட்டு, விடிந்ததும் பெட்டியைத் திறக்காமல் உள்ளே கொண்டுவந்தேன். கிதானோவில் ஜனவரியில் அதைவிடக் குளிர்ந்த இடம் எங்கே இருக்கிறது?

பிப்ரவரி 12 அன்று ஒரு பஸ் ஓட்டுநருக்குக் குடலில் அறுவை. கட்டியை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் உள்ளும் வெளியுமாக இரண்டு வரிசையில் தைத்துச் சேர்க்க வேண்டும். அதில் வெளிவரிசைத் தையல் என்னுடையது. நிஜ மனிதர். இன்று சாயங்காலமே போய் அவரைப் பார்த்தேன். "நீங்கதான் தைக்கறீங்களா? சின்னப் பொண்ணா இருக்கீங்களே. பரவாயில்ல, நானும் முதல் நாள் பஸ்ஸைச் சுவத்துலதான் விட்டேன்" என்றார். பிறகு, "அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றார்.

அம்மாவிடம் நீ சொல்லாதே, நானே சொல்கிறேன். மார்ச்சில் ஊருக்கு வருகிறேன். உனக்கு என்ன வேண்டும் என்று எழுது.

சிகுஸா


ஷிமோகுரா
ஜனவரி 31

அக்காவுக்கு,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கிழித்ததில் எல்லாம் முதலில் வாழ்த்து இருந்தது. இதில் வாழ்த்து இல்லை, மன்னித்துக்கொள்.

நாங்கள் சரக்கை மாற்றவில்லை.

கொன்யாக்கு உறைந்து போனால் உள்ளே இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகித் தனியே பிரிந்துவிடும். திரும்ப இளகினாலும் பழைய மாதிரி ஆகாது. ஊசி குத்தினால் தண்ணீர் கசியும். ரப்பர் போல இழுபடும், கிழியாது. அப்பா குளிர்காலத்தில் மாட்டுக் கொட்டகையில் மறந்து வைத்த கட்டி ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டாய் என்று நினைக்கிறேன். எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று ஒரு துண்டை வெளியே பனியில் வைத்தேன். காலையில் எடுத்து இளகவிட்டுக் கொக்கியில் மாட்டி இழுத்தேன். என் பலம் முழுக்கப் போட்டும் கிழியவில்லை.

கொகுரே அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நீ நன்றாகத் தைத்திருக்கலாம். நன்றாகத் தைத்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சதையில் யார் தைத்தாலும் தேறியிருப்பார்கள். பஸ் ஓட்டுநரின் குடல் உறைந்திருக்காது.

நஸுனா


கிதானோ
பிப்ரவரி 3

நஸுனா,

உனக்கு என்ன புரிகிறது, என்ன புரியவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

பெட்டியை வெளியே வைத்தது நான். அந்தப் பெட்டி வந்தது என் ஊரிலிருந்து. அதை அடுக்கியது என் சொந்தத் தங்கை. போன முறை தோற்றவள் நான். இந்த முறை தேறாவிட்டால் வெளியே போக வேண்டியவளும் நான். இப்போது நான் போய், 'ஐயா, உறைந்தால் கிழியாது என்று எனக்குத் தெரியாது' என்று சொல்ல வேண்டும். கொன்யாக்கு ஊர்ப் பெண்ணுக்கு இது தெரியாதா என்றுதான் கேட்பார்கள். நீயே உன் கடிதத்தில் அதைத்தான் கேட்டிருக்கிறாய், மரியாதையாக. தெரியாது. மறந்துவிட்டேன். அந்த வாசனையே வேண்டாம் என்றுதான் பதினைந்து வயதில் அங்கிருந்து கிளம்பினேன். இதை யார் நம்புவார்கள்?

தோற்றால் மயக்க மருந்துப் பிரிவு. ஏமாற்றினேன் என்று ஆனால் எந்தப் பிரிவும் இல்லை. எந்த மருத்துவமனையும் இல்லை.

இருபது நாள் தைத்தது பொய்யா? என் விரல் கற்றுக்கொண்டது பொய்யா?

ஒரு வகுப்பில் எழுந்து நின்று ஒரு பக்கம் படிக்க முடியாமல் பயந்து ஓடியவள் நீ. எனக்கு எது நேர்மை என்று கொக்கியில் மாட்டி இழுத்துக் காட்டாதே.

யாரிடமும் எதுவும் சொல்லாதே. இதைப் பற்றி எழுதவும் வேண்டாம்.

சிகுஸா


ஷிமோகுரா
பிப்ரவரி 7

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

நேற்று உங்கள் மருத்துவமனையிலிருந்து பட்டறைக்குப் போன் வந்தது. பேராசிரியரின் உதவியாளர். ஜனவரியில் அனுப்பிய சரக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம். இனி தேர்வுகளுக்கு எல்லாம் அதே வகை வேண்டுமாம். கொகுரே அம்மா போனை வைத்துவிட்டு நடுக் கூடத்தில் நின்று, "என்னடா இது, நாம ஒண்ணுமே மாத்தலையே. யாராவது மாத்தினீங்களா?" என்று கேட்டார். அரைக்கிற மெஷின்கார அண்ணன், "நான் போன மாசம் சட்டை மாத்தினேன்" என்றார். நான் குழாயடியில் கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்து அவர் கேட்கவில்லை.

என்னைப் பார்த்துக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நானாகப் போய்ச் சொல்லவும் மாட்டேன். அது உன்னுடையது.

நான் பயந்து ஓடினேன் என்பது சரிதான். ஆனால் நான் ஓடியபோது அங்கே யாருடைய வயிறும் திறந்திருக்கவில்லை.

உன் விரல் கற்றுக்கொண்டது பொய் என்று நான் எழுதவில்லை. நன்றாகத் தைத்திருக்கலாம் என்றுதான் எழுதினேன். எனக்கு அது தெரியாது. உனக்கும் தெரியாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நஸுனா


கிதானோ
பிப்ரவரி 13

நஸுனாவுக்கு,

திங்கட்கிழமை காலையில் முனகாட்டா சார் அறைக்குப் போனேன். அவர் நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஜனவரித் தேர்வு செல்லாது."

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன். சதைப் பெட்டியை பால்கனியில வெச்சது நான். உறைஞ்சு போயிருக்கு. உறைஞ்சா அது ரப்பர் மாதிரி ஆயிடும், கிழியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப உனக்கும் தெரியும்."

என்ன சொன்னாலும் அந்த வாக்கியம் அங்கேயேதான் நிற்கும். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "மத்த அஞ்சு பேரையும் கூப்பிடு" என்றார்.

பயிற்சி அறையில் எல்லோருக்கும் முன்னால் திரும்பவும் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன், மறைத்தால் பிறகு இன்னும் அசிங்கமாகும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஹச்சியா மட்டும் பார்த்தான். "தங்கச்சி செய்யறா, அக்கா உறைய வெக்கறா. நல்ல குடும்பத் தொழில்!" என்றான். அவன் முகம் சிவந்திருந்தது. தேறியதற்காக அவன் அப்பா அம்மாவை வெந்நீர் ஊற்று விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போய் விருந்து வைத்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது சார், தகட்டின் கோடுகளை எடுத்துத் திரையில் போடச் சொன்னார். அதுதான், சதைக்கு அடியில் இருக்கும் தகடு, இழுப்பை அளப்பது. தேர்வில் கிழிசல் இருந்தால்தான் அந்தக் கோட்டை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். கிழிசலே இல்லாததால் இந்த முறை எவரும் பார்க்கவில்லை.

ஆறு கோடுகள். ஐந்து கோடுகள் முதல் இரண்டு தையலில் தாழ்வாக இருக்கின்றன. மூன்றாவதிலிருந்து ஏறுகின்றன. சதை கிழியவில்லை என்று கைக்குத் தெரிந்துவிட்டது, உடனே இறுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஹச்சியாவின் கோடு மலை போல. ஆறாவது கோடு முதலிலிருந்து கடைசி வரை தரையோடு ஊர்கிறது.

"இது யாரு?" என்றார்.

"நான், சார்."

அவர் ஹச்சியாவைப் பார்த்தார். "கிழியாதுன்னு தெரிஞ்சவ கடைசித் தையல் வரைக்கும் இப்படிப் பயந்து பயந்தா தைப்பா?"

ஹச்சியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மாட்டா, சார்" என்றான்.

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சை அவர் உடனே நிறுத்தினார். "ஒரிஹாரா, நீ ஏமாத்தலைங்கறதுக்கு இது சாட்சி. உனக்குத் தைக்கத் தெரியுங்கறதுக்கு இது சாட்சி இல்ல. புரியுதா? ஆறு பேருக்கும் தேர்வு ரத்து. புதுச் சரக்கு வரட்டும், மறுபடி வைக்கலாம்."

நேற்று அந்தப் பஸ் ஓட்டுநருக்குச் சாரே தைத்தார். நான் வயிற்றுச் சுவரை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நன்றாக முடிந்தது.

கொகுரே அம்மாவிடம் சொல்லலாம். நான் சொல்லச் சொன்னேன் என்றே சொல்.

போன கடிதத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அந்த நேரத்தில் உண்மைதான். அது மட்டும் உன்னை வலிக்க வைப்பதற்காகத் தேடி எடுத்தது.

சிகுஸா


ஷிமோகுரா
பிப்ரவரி 18

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். முதலில் குரல் வரவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் ஒரு தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் முதலில் சிரித்தார். பிறகு திட்டினார். யாரைத் திட்டுகிறார் என்று புரியவில்லை, என்னை இல்லை. "நண்டை உள்ள வெச்சுட்டு நம்ம சரக்கை வெளிய வெச்சாங்களா! நண்டுக்குத்தான் மரியாதை!" என்றார். பிறகு உட்கார்ந்துகொண்டார். "தப்பு நம்மளுதும்தான். குளிர்ந்த இடம்னு போட்டா வடக்கத்திக்காரங்களுக்கு ஊரே குளிர்ந்த இடம்தானே" என்றார். இனிப் பெட்டியின்மேல் 'உறையவிடக் கூடாது' என்று சிவப்பில் வரும்.

அவரே மருத்துவமனைக்குப் பேசினார். உங்கள் தேர்வுப் பெட்டி நாளை கிளம்புகிறது.

அந்தக் கொப்பரையை நான் தொடவில்லை. "நீ இன்னிக்குப் போய் வாசல்ல பனி தள்ளு. மாவு, சாயம், கத்தி எதுலயும் கை வெக்காத. நாளைக்கு உங்க அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்றார். அதனால் காலை முழுக்கப் பனி தள்ளினேன். ஜன்னல் வழியாக அவர்கள் கொக்கியில் மாட்டி இழுப்பது தெரிந்தது. கிழிந்தது. சரியான இடத்தில் கிழிந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மெலிந்த கொப்பரை எதுவும் விழவில்லை, அதனால் உனக்கு அனுப்ப ஒன்றும் இல்லை. எல்லோரும் இப்போது ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கிறார்கள்.

நல்லா செய் என்று எழுத வந்தேன். அது உனக்கு உதவாது. சாப்பிட்டுவிட்டுப் போ.

நஸுனா


கிதானோ
மார்ச் 10

நஸுனாவுக்கு,

சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். இரண்டு சோற்று உருண்டை.

ஆறு பேரில் நான்கு பேர் தேறினோம். ஹச்சியா தேறவில்லை. ஜனவரியில் இறுக்கிப் பழகிய கை, இங்கேயும் இறுக்கிவிட்டது. நான் ஓர் இடத்தில் கிழித்தேன். சின்னக் கிழிசல். அந்தத் தையலை வெட்டி எடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நல்ல இடத்தில் ஊசி போட்டேன். அதில் நேரம் போய்விட்டது. மணி அடிக்கும்போது முடிச்சு என் விரலில் இருந்தது. வெளியூர் டாக்டர்கள் இரண்டு பேரில் ஒருவர், கிழித்ததற்காக மதிப்பெண் குறைத்தார். இன்னொருவர், பிரித்துத் தைத்ததற்காகக் கூட்டினார். மொத்தத்தில் கோட்டுக்கு மேலே ஒரு நூலளவு. ஜனவரியில் வாங்கியதில் பாதிக்கும் கொஞ்சம் அதிகம்.

ஹச்சியாவுக்கு ஜூனில் இன்னொரு வாய்ப்பு. நேற்று என் மேஜைக்கு வந்து, "அந்தக் குப்பைச் சதை மிச்சம் இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "தங்கச்சிகிட்ட சொல்லு, கொஞ்சம் கெடுத்து அனுப்பச் சொல்லி" என்றான். கெஞ்சலா கிண்டலா என்று தெரியவில்லை. கொகுரே அம்மாவிடம் கேட்டுப் பார்.

இன்றைக்குத்தான் முதல் தடவை. மீன் சந்தையில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. குடலின் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்தோம். உள்வரிசை சார், வெளிவரிசை நான்.

உங்கள் சதையைப் போல இல்லவே இல்லை. குறை சொல்லவில்லை. தடிமன் சரி, இழுப்பும் கிட்டத்தட்டச் சரி. ஆனால் சூடாக இருந்தது. கையுறையைத் தாண்டிச் சூடு. அத்தனை மாதம் ஜில்லென்றிருக்கும் துண்டில் தைத்துத் தைத்து, குடல் சூடாக இருக்கும் என்பதையே நான் யோசிக்கவில்லை. அது தானாக அசைந்தது வேறு. ஊசியைப் பார்த்து ஒதுங்குவது போல லேசாக நெளிந்தது. முதல் தையலில் கை நின்றுவிட்டது. சார் எதிரில் நின்றுகொண்டு, "அது அப்படித்தான். உயிரோட இருக்கு இல்ல?" என்றார். தைத்தேன். எந்தத் தகடும் அளக்கவில்லை. கேமராவும் இல்லை. சார் தையலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வயிற்றை மூட ஆரம்பித்தார்.

நன்றாகத் தைத்தேனா என்று இப்போது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தையல் விட்டால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காய்ச்சல் வரும், வயிறு வீங்கும், திரும்பத் திறக்க வேண்டும். விடாமல் இருந்தால் குடல் விழித்துக்கொண்டு வேலை செய்ய ஆரம்பிக்கும். அதற்கு ஒரே அறிகுறி காற்று பிரிவது. உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆறு வருடம் படித்து, அத்தனை மெஷினில் கையை அளந்து, கடைசியில் ஒரு மீன்கடை அம்மாவுக்குக் காற்று பிரிந்ததா என்று போய்க் கேட்க வேண்டும்.

கடிதத்தை இப்போது ஒட்டவில்லை. தெரிந்த பிறகு ஒட்டுகிறேன்.

மார்ச் 12. இன்னும் இல்லை. லேசான காய்ச்சல். சார் வயிற்றை அழுத்திப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு. "மறுபடி வந்துட்டாங்க பாரு, என் காத்துக்கு வட்டி கேக்கற மாதிரி" என்று நர்ஸிடம் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதியம் இரண்டு முறை போனேன். வார்டுக்கு வெளியே நின்று, உள்ளே போகாமல் திரும்பியதும் உண்டு.

மார்ச் 13. காய்ச்சல் போய்விட்டது. வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 14. காலைப் பார்வைக்கு நாங்கள் எல்லோரும் சாருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். தாழ்வாரத்திலேயே குரல் கேட்டது. "டாக்டரம்மா! சின்ன டாக்டரம்மா! வந்துடுச்சு! பக்கத்துக் கட்டில்காரம்மா திடுக்கிட்டு எழுந்து உக்காந்துட்டாங்க!" பக்கத்துக் கட்டில் அம்மாவும், "ஆமாம், நானும் சாட்சி" என்றார். நர்ஸுகள் சிரித்தார்கள். ஹச்சியா கைதட்டினான். சார் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

சார் வயிற்றில் காதுக்குழலை வைத்து நிதானமாகக் கேட்டார். நான்கு பக்கமும் கேட்டார். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல் நர்ஸிடம் சொன்னார்:

"கஞ்சி குடுங்க."

என் தையலுக்கு இதுவரை அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

சிகுஸா